பழைய செப்டிக் டேங்கை மூடப் போகிறீர்களா? கான்ட்ராக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது ரேட் அல்ல!

“பழைய டேங்க்தானே சார்? ரெண்டு ஆளை இறக்கி அடியில இருக்கிறதை அள்ளிட்டு, மண்ணைக் கொட்டி மூடிடலாம். ஒரு நாள் வேலை!”

வீட்டை இடித்துக் கட்டுபவர்களும், பழைய தொட்டியை விட்டுப் புதிய இணைப்புக்கு மாறுபவர்களும் இந்தப் பேச்சை எங்காவது கேட்டிருப்பார்கள். சொல்பவர் கெட்டவராக இருக்க வேண்டும் என்பதில்லை. பல வருடம் தொழிலில் இருக்கும் மேஸ்திரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பேச்சில் வரும் ‘ரெண்டு ஆளை இறக்கி’ என்ற மூன்று வார்த்தைகள் சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், அவை உயிரைப் பறிக்கக் கூடியவை.

2019 மார்ச் மாதம் ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில் ஒரு வீட்டின் செப்டிக் டேங்க் 6 பேரை பலிவாங்கியது. இறந்தவர்களில் வீட்டுக்காரரும் அவருடைய இரண்டு மகன்களும் உண்டு. மற்றவர்கள் அங்கே குடியிருந்தவர்கள். ஒருவர் மயங்கி விழ, காப்பாற்றப் போன அடுத்தவரும் விழுந்தார். செப்டிக் டேங்க் விபத்து என்றால் அது யாரோ துப்புரவுத் தொழிலாளிக்கு நடப்பது என்று நினைப்பவர்கள் மறக்கக் கூடாத சம்பவம் இது.

எப்போது மூட வேண்டி வருகிறது?

சமயபுரம் மாரியம்மன் கோயிலுக்கு வருடம் முழுக்கக் கூட்டம்தான். மாசியில் பூச்சொரிதல், அம்மனே பக்தர்களுக்காக 28 நாள் பச்சைப் பட்டினி இருக்கும் காலம், சித்திரைத் தேர், ஆடி வெள்ளி என்று வரிசையாக விசேஷங்கள் வருகின்றன. இப்படிப்பட்ட ஊரில் நான்கு பேர் இருந்த வீடு மாடி எடுத்து, ரூம் கட்டி, வாடகைக்கு விடும் வீடாக மாறுவது சாதாரணம். நான்கு பேருக்காகக் கட்டிய செப்டிக் டேங்க் நாற்பது பேருக்குத் தாங்காது. வேறு இடத்தில் பெரிய தொட்டி கட்டினால் பழையது சும்மா கிடக்கும்.

திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கம் காரணம் வேறு. பாதாளச் சாக்கடை இணைப்பு கிடைத்த வீடுகளில் செப்டிக் டேங்குக்கு வேலை இல்லாமல் போகிறது. குழாயை மாற்றிக் கொடுத்ததோடு பிளம்பர் போய்விடுவார். தொட்டி அப்படியே மண்ணுக்குள் இருக்கும். அதன்மேல் துணி துவைக்கிற கல், பைக், பூந்தொட்டி என்று ஒவ்வொன்றாக வந்து சேரும்.

பயன்படுத்தாத தொட்டியை அப்படியே விட்டால் என்ன? ஸ்லாப்புக்குள் இருக்கும் கம்பி, கீழேயிருந்து வரும் வாயுவாலும் ஈரத்தாலும் துருப்பிடிக்கும். மேலே பார்த்தால் சிமென்ட் கெட்டியாகத் தெரியும். ஒருநாள் ஆள் ஏறி நின்றாலே உடையும். வருடக்கணக்கில் தேங்கிய தண்ணீர் கொசுவுக்கும் வீடாகும்.

மூடாமல் விட்ட குழி என்ன செய்யும் என்பதைத் திருச்சி மாவட்டத்துக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2019 அக்டோபர் 25-ம் தேதி மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுச் சிறுவன் பயன்பாட்டில் இல்லாத ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். நான்கு நாள் போராட்டத்தை நாடே டி.வி-யில் பார்த்தது. 29-ம் தேதி உடல்தான் வந்தது. அது போர்வெல், இது தொட்டி. ஆனால் ‘அப்புறம் மூடிக்கலாம்’ என்ற நினைப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

குளிர் நாடுகளில் இதற்கு இணையான பிரச்னை ஒன்று உண்டு. வீட்டைச் சூடாக்க எரியெண்ணெய் நிரப்பி வைத்த தொட்டிகள் பழைய வீடுகளின் தோட்டத்தில் புதைந்து கிடக்கும். அமெரிக்காவின் பல ஊர்களில், அது முறைப்படி காலி செய்யப்பட்டதா, அதற்குச் சான்று இருக்கிறதா என்று பார்க்காமல் வீடு வாங்கத் தயங்குவார்கள். நம் ஊரில் பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் பார்க்கிறோம். கொல்லையில் மூடாத தொட்டி இருக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு.

உள்ளே இருப்பது என்ன?

செப்டிக் டேங்கில் காற்று இல்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் கழிவைச் செரிக்கின்றன. அப்போது ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன், கரியமில வாயு ஆகியவை உண்டாகின்றன. இவற்றில் மிக ஆபத்தானது ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை வாடை வருமே, அதுதான். இது காற்றைவிடக் கனமானது. அதனால் தொட்டியின் அடியில் தங்கும்.

இந்த வாயுவின் அளவு கூடும்போது மூக்கு மரத்துப்போகும். பத்து லட்சத்தில் சுமார் 100 பங்கு என்ற அளவிலேயே வாடை தெரியாமல் போய்விடும். ‘வாடை குறைஞ்சிடுச்சு, இறங்கலாம்’ என்று நினைக்கும் நேரம்தான் உண்மையில் ஆபத்தான நேரம். 500-க்கு மேல் போனால் சில நிமிடங்களில் மயக்கம் வரும். 1,000-ஐத் தொட்டால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சரிந்துவிடுவார். கத்துவதற்குக்கூட நேரம் இருக்காது.

அடுத்தது ஆக்சிஜன். நாம் சுவாசிக்கும் காற்றில் 20.9 சதவிகிதம் ஆக்சிஜன் இருக்கிறது. 19.5-க்குக் கீழே போனாலே அந்த இடம் பாதுகாப்பற்றது என்பது தொழில் பாதுகாப்பு விதி. மூடிக் கிடந்த தொட்டியில் அது இன்னும் கீழே போயிருக்கும்.

‘ரெண்டு நாள் மூடியைத் திறந்து வெச்சிருந்தோமே’ என்பார்கள். அதுவும் போதாது. அடியில் கெட்டியான கசடுக்குள் வாயு சிறைபட்டிருக்கும். காலோ மண்வெட்டியோ பட்டுக் கலங்கியதும் குபீரென்று வெளியே வரும். இறங்கும்போது நன்றாக இருந்தவர் அள்ளத் தொடங்கியதும் விழுவது இதனால்தான்.

பழைய கிணறுகளில் செய்வதுபோல விளக்கையோ சூடத்தையோ கொளுத்தி இறக்கிப் பார்க்கும் வழக்கமும் உண்டு. செப்டிக் டேங்கில் இதைச் செய்யவே கூடாது. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவிகிதம் இருந்தால் தீப்பொறி பட்டதும் வெடிக்கும். விளக்கு அணையாமல் எரிந்தாலும், விஷவாயு இல்லை என்று அர்த்தமில்லை. பக்கத்தில் நின்று பீடி, சிகரெட் பற்றவைப்பதும் இதே ஆபத்துதான்.

புதுத் தொட்டியும் கொல்லும்!

பழையதை மூடிவிட்டுப் புதிதாகக் கட்டுபவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒரு சொட்டுக் கழிவுகூட விழாத புதுத் தொட்டியிலும் சம்பிலும் சென்ட்ரிங் பலகை பிரிக்க இறங்கிய கொத்தனார்கள் இறந்திருக்கிறார்கள். மேலே ஸ்லாப் போட்டுச் சிறு வழி மட்டும் விட்டு, நாள்கணக்கில் மூடி வைத்திருப்பார்கள். உள்ளே தேங்கிய தண்ணீரில் ஈரப் பலகை மட்கும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோகும். ‘புது டேங்க்தானே’ என்று யாரையும் இறக்காதீர்கள். இறங்காமல் மூடும்படி, ரெடிமேட் ஸ்லாப்புகளைப் பலகைபோல வரிசையாக அடுக்கி மூடச் சொல்லலாம்.

சட்டம் யாரைப் பிடிக்கும்?

மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-ல் வந்தது. அதன் 7-வது பிரிவு, செப்டிக் டேங்கை ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய யாரையும் ‘நேரடியாகவோ மறைமுகமாகவோ’ அமர்த்தக் கூடாது என்கிறது. தடை அரசுக்கும் நிறுவனத்துக்கும் மட்டுமல்ல, தனிநபருக்கும் உண்டு. ‘நான் கான்ட்ராக்டர்கிட்டதான் பேசினேன், ஆளை இறக்கினது அவர்’ என்று வீட்டுக்காரர் எளிதில் கைகழுவ முடியாது. ‘அவரே சம்மதிச்சுத்தான் இறங்கினார்’ என்பதும் எடுபடாது.

முதல் முறை என்றால் 2 வருடம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் செய்தால் 5 வருடம், 5 லட்சம் வரை போகும். ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் இது. உயிர் போனால் கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கான வழக்கும் சேரும்.

இந்த வேலையில் இறப்பவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தர 2014-ல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தலைமுறை தலைமுறையாகக் குறிப்பிட்ட சில சமூகத்தினரையே இந்தக் குழிக்குள் தள்ளி வந்திருக்கிறோம் என்ற உண்மைதான் இந்தச் சட்டத்துக்கும் தீர்ப்புகளுக்கும் அடிப்படை. நம் வீட்டு வாசலில் அது இன்னொரு முறை நடக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு நமக்குத்தான்.

யாரும் இறங்காமல் மூடுவது எப்படி?

முடியும். வேலையின் வரிசை தெரிந்தால், கான்ட்ராக்டர் சரியாகச் செய்கிறாரா என்பதை நீங்களே பார்க்கலாம்.

1. புது இணைப்பு முதலில். கழிவறைக் குழாய் எல்லாம் புதுத் தொட்டிக்கோ பாதாளச் சாக்கடைக்கோ மாறிவிட்டதா என்று ஒவ்வொரு டாய்லெட்டிலும் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மாடியில் இருக்கும் ஒரு டாய்லெட் மட்டும் பழைய தொட்டியிலேயே விழுந்துகொண்டிருக்கலாம்.

2. கழிவுநீர் லாரி. உள்ளாட்சி அமைப்பிடம் உரிமம் பெற்ற லாரியை மட்டும் அழையுங்கள். சமயபுரம் என்றால் ச.கண்ணனூர் அலுவலகத்திலும், நகருக்குள் என்றால் மாநகராட்சியின் கோட்ட அலுவலகத்திலும் விசாரிக்கலாம். 14420 என்ற தேசிய உதவி எண்ணும் இருக்கிறது.

3. அடிக்கசடு. லாரி உறிஞ்சிய பிறகும் அடியில் கெட்டியாகக் கொஞ்சம் நிற்கும். ஆளை இறக்குவது இந்தக் கட்டத்தில்தான். தேவையே இல்லை. மேலேயிருந்து வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி, ஊறவிட்டுக் கரைத்து, மறுபடி உறிஞ்சலாம். இரண்டாவது நடைக்கான பணத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். இறுகிய கசடைக் கரைக்கவே சென்னை ஐ.ஐ.டி-யில் ‘ஹோமோசெப்’ என்ற ரோபோவை உருவாக்கியிருக்கிறார்கள். குடைபோல விரியும் அதன் இறக்கைகள் உள்ளே சுழன்று கசடைக் கலக்கும்.

4. ஆசிட் வேண்டாம். கசடு கரையும் என்று ஆசிட் ஊற்றினால் ஹைட்ரஜன் சல்பைடு இன்னும் அதிகமாகக் கிளம்பும்.

5. ஸ்லாப்பை வெளியிலிருந்து உடைக்க வேண்டும். உடைக்கிற ஸ்லாப்பின் மேலேயே ஆள் நிற்கக் கூடாது. ஜேசிபி வர வழியிருந்தால் நல்லது. சந்து வீடு என்றால் கெட்டியான தரையில் நின்றுகொண்டு பிரேக்கரால் ஓரத்திலிருந்து உடைத்து வர வேண்டும்.

6. அடியில் ஓட்டை. தொட்டியின் அடித்தளத்தை ஜேசிபியாலோ நீளமான கடப்பாரையாலோ மேலேயிருந்தே சில இடங்களில் உடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நிரப்பிய மண்ணுக்குள் மழைநீர் தேங்கி, தரை சேறாகும். பிறகு சுண்ணாம்புத்தூள் தூவலாம்.

7. அடுக்கடுக்காக நிரப்புதல். மணல், எம்-சாண்ட், கிராவல் ஆகியவற்றைக் கொட்டலாம். நன்றாக உடைத்த கட்டட இடிபாட்டை அடியில் போடலாம். மரத்துண்டு, குப்பை, பிளாஸ்டிக் கூடாது. அவை மட்கும்போது தரை உள்வாங்கும். அரை அடி கொட்டி, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்கி, அடுத்த அரை அடி என்று போக வேண்டும்.

8. உறைக் குழியை மறக்காதீர்கள். தொட்டியை ஒட்டி உறை இறக்கிய உறிஞ்சுகுழி இருந்தால் அதையும் இதேபோல மூட வேண்டும்.

‘சம்ப்பா மாத்திக்கலாமே!’

மூடுவதற்குப் பதில் பழைய தொட்டியைக் கழுவித் தண்ணீர் சம்ப்பாகவோ மழைநீர்த் தொட்டியாகவோ வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அதற்கு உள்ளே இறங்கித் தேய்த்து, பூசியாக வேண்டும். எதைத் தவிர்க்க நினைக்கிறோமோ அதையே செய்ய வேண்டி வரும். பல வருடம் கழிவில் ஊறிய செங்கல் சுவரை நம்பிக் குடிநீர் வைப்பதும் சரியில்லை.

அதேபோல, மூடிய இடத்தின் மேல் தூணோ சுவரோ வருவதாக இருந்தால் நிரப்பினால் மட்டும் போதாது. தொட்டியையே தோண்டி எடுத்துவிட்டு, அஸ்திவாரத்தை எப்படிப் போடுவது என்று இன்ஜினீயரிடம் கேட்க வேண்டும். பக்கத்தில் கிணறோ போர்வெல்லோ இருந்தால், தண்ணீரை ஒருமுறை குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

ரேட் கணக்கு

உங்கள் தொட்டி 8 அடி நீளம், 5 அடி அகலம், 6 அடி ஆழம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 240 கன அடி. ஒரு கன அடிக்குச் சுமார் 28 லிட்டர். ஆக, முழுக்க நிரம்பியிருந்தால் ஏறக்குறைய 6,800 லிட்டர். 4,000 லிட்டர் லாரி என்றால் இரண்டு நடை, கசடு கழுவ இன்னொரு நடை.

நிரப்ப எவ்வளவு மண்? 100 கன அடி ஒரு யூனிட். 240 கன அடிக்கு 2.4 யூனிட். இடித்து இறுக்கினால் 3 யூனிட் பிடிக்கும். ஒன்றரை யூனிட் போதும் என்பவர் இறுக்கி மூடப் போவதில்லை. லாரி, ஜேசிபி வாடகை, மண், கூலி என்று தனித்தனியாக எழுதி வாங்கி, இரண்டு மூன்று பேரிடம் கேட்டு ஒப்பிடுங்கள். ஒருவர் மட்டும் பாதி ரேட் சொன்னால், எந்த வேலையை விட்டுவிட்டு அந்த ரேட்டுக்கு வருகிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் அது இரண்டாவது லாரி நடையாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் ஒரு மனிதரை இறக்குவார்.

எந்த மாதம் நல்லது?

வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் சமயபுரம், மண்ணச்சநல்லூர் பக்கம் நிலத்தடி நீர் மேலே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்தால் காலி செய்த தொட்டியில் மறுநாளே தண்ணீர் ஊறி நிற்கும். மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடப்படும். அதற்குப் பிறகு தரை காயத் தொடங்கும். ஆனால் மாசிக் கடைசியிலிருந்து சித்திரைத் தேர் வரை கோயில் தெருக்களில் லாரியும் ஜேசிபியும் நுழைவது கஷ்டம். தையின் கடைசியும் மாசியின் தொடக்கமும் வசதி. அதை விட்டால் வைகாசி.

உறிஞ்சிய கழிவு எங்கே போகிறது என்பதும் உங்கள் கேள்வியாக இருக்கட்டும். திருச்சியில் லாரிகள் கழிவை இறக்க மாநகராட்சியின் கழிவுநீர் உந்து நிலையங்களில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கிருந்து அது பஞ்சப்பூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். இரவோடு இரவாகப் பெருவளை வாய்க்காலில் கவிழ்த்தால், அது நம் வயலுக்கும் தட்டுக்கும்தான் திரும்பி வரும்.

கான்ட்ராக்டரிடம் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

* தொட்டிக்குள் யாராவது இறங்குவார்களா? (‘ஒரு அஞ்சு நிமிஷம்தான்’ என்று பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.)
* அடிக்கசடை எதை வைத்து எடுப்பீர்கள்?
* லாரிக்கு உரிமம் இருக்கிறதா? கழிவை எங்கே இறக்குவார்கள்?
* ஸ்லாப்பை எங்கே நின்று உடைப்பீர்கள்?
* எத்தனை யூனிட் மண் வரும்? எப்படி இறுக்குவீர்கள்?
* அன்றைக்கே முடியாவிட்டால் ராத்திரி குழியை எதைக் கொண்டு மூடி, எப்படித் தடுப்பு வைப்பீர்கள்?

பேசி முடித்ததும் வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முதல் வரி இப்படி இருக்கட்டும்: ‘எந்தக் காரணத்துக்காகவும் எந்த ஆளும் தொட்டிக்குள் இறங்க மாட்டார். இயந்திரத்தால் மட்டுமே வேலை நடக்கும்.’ எழுதியதோடு விட்டுவிடாமல், வேலை நடக்கும்போது வீட்டில் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். குழந்தைகளை அன்று பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வேலைக்கு முன்பும் பின்பும் போட்டோ எடுத்து, தொட்டி இருந்த இடத்தை வீட்டு பிளானில் குறித்து, பத்திரத்தோடு வையுங்கள். நாளை வீட்டை விற்கும்போதும் இடிக்கும்போதும் உதவும்.

இவ்வளவுக்குப் பிறகும் யாராவது தவறி உள்ளே விழுந்துவிட்டால்? பின்னாலேயே குதிக்காதீர்கள். மூடிய குழிகளில் இறந்தவர்களில் 60 சதவிகிதத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் 1986-லேயே எச்சரித்திருக்கிறது. நெமிலியில் நடந்ததும் அதுதான். எல்லா மூடியையும் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். உடனே 101 அல்லது 112-க்கும், ஆம்புலன்ஸுக்கு 108-க்கும் போன் செய்யுங்கள். விழுந்தவர் நினைவோடு இருந்தால் கயிற்றை மேலேயிருந்து வீசுங்கள். சுவாசக் கருவியோடு வரும் தீயணைப்பு வீரர்தான் உள்ளே போக வேண்டும். உறவினரோ பக்கத்து வீட்டுக்காரரோ பதறி ஓடிவந்தால், அவரைக் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.